டோக்கன் இருக்கிறது, சரி. அதில் எழுதியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு நிறுவனங்கள் தங்கள் கணினித் தரவைப் பாதுகாப்பது எப்படி என்று உங்கள் வணிகப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டாதீர்கள், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றைக்கே மூடுங்கள் என்பதெல்லாம் எங்கள் ஊரில் இன்னும் நூறு தடவை சொல்ல வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் கடைசிப் பத்தியில், கணினியும் கணினியும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடங்களில் ஆள் யாரும் இல்லாததால் ஆபத்து குறைவு, அங்கே டோக்கன், அதாவது ஒரு கணினி இன்னொன்றிடம் காட்டும் அனுமதிச்சீட்டு, இருந்தால் போதும் என்ற பொருளில் இரண்டு வரி வருகிறது. அந்த இரண்டு வரிக்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு உற்பத்திக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிலில் துணி ஒரே கூரையின் கீழ் சட்டையாவது அபூர்வம். நூல் ஓரிடத்தில் வாங்கி, நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்திக் கொடுப்பது) ஓரிடம், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு முதலாளி. ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு டெலிவரி சலான். முன்பு அதை ஆள் உட்கார்ந்து டைப் அடித்தார். இப்போது எக்ஸ்போர்ட்டரின் சர்வரே ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு இந்த வேலைகளைச் செய்து கொடுப்பவரின் மென்பொருளுக்கு நேராக அனுப்பிவிடுகிறது: எந்த லாட், எத்தனை ரோல், எத்தனை கிலோ, என்ன ஷேடு, கிலோவுக்கு என்ன கூலி. பாதி வேலை நடுராத்திரியில் நடக்கிறது. லாகின் செய்ய ஆளும் கிடையாது, ஓடிபி வந்து விழ ஒரு போனும் கிடையாது.

இதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம் என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ், அதாவது அரசு போர்ட்டலில் பதிவாகும் பில், போட்டாக வேண்டும். பில் போடும் பெண் பட்டனைத் தட்டுகிறார்; 64 எழுத்தில் ஐஆர்என் என்ற பதிவு எண் வந்து உட்காருகிறது. நடுவில் அந்த மென்பொருள் அரசு போர்ட்டலிடம் தான் யார் என்று நிரூபித்து, டோக்கன் வாங்கி, அதைக் காட்டித்தான் எண்ணைப் பெறுகிறது. திருப்பூரில் இந்தப் பட்டனைத் தட்டாத தெருவே இருக்காது.

கணினிகளின் இந்தப் பேச்சுக்கு உலகம் முழுக்கப் புழங்கும் பொதுமுறை ஒன்று உண்டு. ஓஆத் 2.0 என்று பெயர். 2012 அக்டோபரில் ஆர்எஃப்சி என்ற, இணையத்தின் பொது விதிகளை எழுதி வைக்கும் ஆவண வரிசையில் 6749-ஆவது எண்ணாக வந்தது. ஆள் இல்லாத இடத்துக்கென்றே அதில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், கிளையன்ட் கிரெடென்ஷியல்ஸ் என்று. எக்ஸ்போர்ட்டரின் சர்வருக்கு ஒரு கிளையன்ட் ஐடியும் (பெயர் மாதிரி) ஒரு சீக்ரெட்டும் (கடவுச்சொல் மாதிரி) கொடுத்திருப்பார்கள். டோக்கன் வழங்குவதற்கென்று இருக்கும் சர்வரிடம் அது இரண்டையும் காட்டும். அங்கே சரிபார்த்து, குறிப்பிட்ட நேரத்துக்குச் செல்லுபடியாகும் ஆக்சஸ் டோக்கன் ஒன்றைத் தருவார்கள். அப்புறம் சாயப்பட்டறையின் சர்வரிடம் போகும்போது சீக்ரெட்டை எடுக்க வேண்டியதில்லை, டோக்கனைக் காட்டினால் போதும்.

அந்த டோக்கன் பெரும்பாலும் ஜேடபிள்யூடி வடிவத்தில் இருக்கும். பார்ப்பதற்கு, இ, ஒய், ஜே என்று ஆங்கில எழுத்துகளில் ஆரம்பித்து நீண்டுகொண்டே போகும், நடுவில் இரண்டு புள்ளி. ஏதோ ரகசியக் குறியீடு என்று தோன்றும். இல்லை. இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் உள்ள பகுதியை பேஸ்64 என்ற, எல்லோருக்கும் தெரிந்த எழுத்து முறையிலிருந்து திருப்பிப் போட்டால் வெறும் வாசகம் வந்துவிடும்; பள்ளிக்கூடத்துப் பையனே செய்துவிடுவான். கடைசிப் பகுதி கையெழுத்து. உள்ளே எழுதியதை வழியில் யாரும் திருத்தவில்லை என்பதற்குத்தான் அது சாட்சி. உள்ளே எழுதியதை அது மறைப்பதும் இல்லை, உண்மையா என்று விசாரிப்பதும் இல்லை. எழுதியவர் எதை எழுதினாரோ அதற்கு அது கையெழுத்து, அவ்வளவுதான்.

உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியையும் கிளைம் என்கிறார்கள். 2015 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 7519 ஏழு கிளைம்களைப் பொதுவாகப் பதிந்து வைத்தது. டோக்கனைக் கொடுத்தது யார், யாரைப் பற்றியது, யாரிடம் காட்டுவதற்கு, எப்போது காலாவதி, எதற்கு முன் செல்லாது, எப்போது கொடுத்தது, இதன் தனி எண் என்ன என்பவை அவை. 2021 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 9068, இந்த வடிவத்து ஆக்சஸ் டோக்கனுக்கு 'எதற்கு முன் செல்லாது' தவிர்த்த மற்ற ஆறும், கூடவே கிளையன்ட் ஐடியும் கட்டாயம் என்றது. ஆள் லாகின் செய்திருந்தால் 'யாரைப் பற்றியது' என்ற இடத்தில் அந்த ஆளின் அடையாளம் வரும், அவரைப் பிடித்துக்கொண்டு அவர் எந்தக் கம்பெனி என்று கண்டுபிடித்துவிடலாம். கிளையன்ட் கிரெடென்ஷியல்ஸில் அந்த இடத்தில் கிளையன்ட்டின் அடையாளமே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆக, டோக்கன் மொத்தத்தில் சொல்வது: இன்ன கிளையன்ட் வந்திருக்கிறது, சலான் படிக்கலாம். எந்தக் கம்பெனியின் சலானை? அது பற்றி ஒரு வரி கிடையாது.

அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். அவிநாசி சாலைப் பக்கம் காம்பாக்டிங் மில் வைத்திருக்கும் ஒருவர், எங்கள் வாடிக்கையாளர் அல்ல, என் மாமனாருக்குப் பழக்கம், ஒரு நாள் போன் செய்தார். "ஏனம்மணி, நம்ம ரிப்போர்ட்டுல அடுத்தவங்க துணி எப்படி வந்து நிக்குது? கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். போனேன். மாத முடிவு ரிப்போர்ட்டில் அவர் மில்லுக்கு வராத லாட்டுகள் வரிசையாக இருந்தன, நேவி ஷேடு, ரோல் எண்ணிக்கை, கிலோ, கூலி எல்லாம் சுத்தமாக. எல்லாம் பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு காம்பாக்டிங்காரருடையவை. பெரியவர் லாட்டைப் பார்த்து அதிர்ச்சியடையவில்லை. பக்கத்துத் தெருக்காரர் தன்னைவிடக் கிலோவுக்கு எவ்வளவு குறைத்து வாங்குகிறார் என்று தெரிந்ததில்தான் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் கூலியும் இப்படி எங்கேயாவது தெரிந்துகொண்டிருக்குமே என்ற யோசனை அதற்கப்புறம்தான் வந்தது.

காரணம் இதுதான். அந்த மென்பொருளை விற்றவர்கள் எல்லா மில்லுக்கும் ஒரே கிளையன்ட் ஐடி, ஒரே சீக்ரெட் கொடுத்திருந்தார்கள். எந்த மில்லின் கணக்கு வேண்டும் என்பது ரிக்வெஸ்ட்டுக்குள், அதாவது சர்வரிடம் தகவல் கேட்டு அனுப்புவதற்குள், வெறும் எண்ணாகப் போகும். இங்கே செட்டிங்ஸ் பக்கத்தில் யாரோ அந்த எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டார்கள். சர்வர் டோக்கன் சரியா என்று பார்த்தது. சரிதான். எண்ணைப் பார்த்தது. அப்படி ஒரு கம்பெனி இருக்கிறது. கொடுத்துவிட்டது. அவர்களுடைய சப்போர்ட் எண்ணுக்குப் போன் போட்டால், எடுத்த பையன் மிகவும் மரியாதையாக, "மேடம், நம்ம சிஸ்டம் ஓஆத்ல ஓடுது, டோக்கன் இல்லாம ஒரு ரிக்வெஸ்ட்கூட உள்ள வராது" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. மில் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன், பாஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, எந்தப் பார்ட்டியின் ரோல் என்பதை டிரைவர் வாயால் சொல்லக் கேட்டு ஏற்றி அனுப்பினால் எப்படி இருக்கும், அதுதான் நடந்தது.

இது திருப்பூரில் மட்டும் நடக்கும் கூத்து அல்ல. ஓவாஸ்ப் என்ற பன்னாட்டு அமைப்பு ஏபிஐகளில், அதாவது மென்பொருளும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் வாசல்களில், வரும் பாதுகாப்புக் கோளாறுகளைப் பட்டியல் போடுகிறது. 2019 பட்டியலிலும் 2023 பட்டியலிலும் முதல் இடம் இந்த வகைக்குத்தான்: உள்ளே வரலாமா என்று பார்க்கிறார்கள், கேட்கும் பொருள் இவருடையதா என்று பார்ப்பதில்லை.

இதைச் சரிசெய்யும் வழிகளில் ஒன்றுதான் கஸ்டம் கிளைம். டோக்கன் வழங்கும் சர்வரே, வழக்கமான வரிகளோடு 'கம்பெனி இன்னது' என்று ஒரு வரியையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும். சலான் வைத்திருக்கும் சர்வர், ரிக்வெஸ்ட்டில் யார் என்ன எண் எழுதினாலும் காதில் போட்டுக்கொள்ளாது. டோக்கனில் உள்ள கம்பெனி எதுவோ அதன் கணக்கை மட்டும் திறக்கும். இதற்கு முதலில் மில்லுக்கு ஒரு கிளையன்ட் ஐடி என்று பிரிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே ஐடியைக் கொடுத்துவிட்டு, மேலே எத்தனை கிளைம் எழுதினாலும் பிரயோஜனம் இல்லை.

சொல்ல எளிதாக இருக்கும் இந்த ஒரு வரியைச் சேர்ப்பது ரொம்ப நாள் எளிதாக இருக்கவில்லை. நாங்கள் பயன்படுத்துவது அமேசானின் காக்னிட்டோ என்ற டோக்கன் வழங்கும் சேவை. டோக்கன் தயாராகும் நேரத்தில் நாம் எழுதிய சிறு நிரல் ஒன்றை, லாம்டா என்பார்கள், ஓட்டிப் பார்க்கும் வசதி அதில் பல வருஷமாகவே உண்டு. ஆனால் ஆளைப் பற்றிச் சொல்லும் ஐடி டோக்கனில் மட்டும்தான் எழுத விட்டார்கள். 2023 டிசம்பரில் ஆக்சஸ் டோக்கனிலும் எழுதலாம் என்றார்கள், அதுவும் ஆள் லாகின் செய்திருந்தால்தான். கிளையன்ட் கிரெடென்ஷியல்ஸ் என்று வந்தால் அந்த லாம்டா எட்டியே பார்க்காது. அதனால் பலர் கம்பெனி பெயரை ஸ்கோப்பில் திணித்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்கோப் என்பது என்ன செய்யலாம் என்று சொல்வதற்கு. வந்திருப்பது யார் என்பதை அதில் எழுத ஆரம்பித்தால், கம்பெனிக்கு ஒரு ஸ்கோப் என்று வளர்ந்து, எது எதற்கு என்று வைத்தவருக்கே தெரியாமல் போகும். பிறகு லாம்டாவுக்குப் போகும் தகவலின் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தார்கள்; அதோடு ஆள் இல்லாத டோக்கனுக்கும் வழி பிறந்தது. காக்னிட்டோவின் எசென்ஷியல்ஸ் அல்லது பிளஸ் கட்டணத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்.

இங்கேதான் உங்கள் கட்டுரையாளர் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. கிளைம் சேர்க்கும் வசதி வந்துவிட்டது, சேர்த்துவிட்டோம், பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அந்த லாம்டாவுக்கு வந்து சேரும் தகவல்களில் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று கிளையன்ட் ஐடி. இது காக்னிட்டோ தானே சீக்ரெட்டைச் சரிபார்த்த பிறகு தருவது, நம்பலாம். மற்றது, டோக்கன் கேட்பவர் தன் இஷ்டத்துக்கு ரிக்வெஸ்ட்டில் வைத்து அனுப்பும் கூடுதல் தகவல். அதற்குக் கிளையன்ட் மெட்டாடேட்டா என்று பெயர். இதே பெயரில் ஆத்ஜீரோ என்ற இன்னொரு டோக்கன் சேவையிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே அது நிர்வாகி தன் பக்கத்தில் பதிந்து வைப்பது. ஆத்ஜீரோவில் பழகிய கை காக்னிட்டோவுக்கு வந்தால் வழுக்குவது இங்கேதான்.

எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்த தம்பி ஒருவர் ஒரு மதியத்தில் இந்த லாம்டாவை எழுதி முடித்துவிட்டார். கம்பெனி எண்ணை மெட்டாடேட்டாவிலிருந்து எடுத்து அப்படியே கிளைமில் போட்டிருந்தார். டோக்கன் வந்தது, திருப்பிப் பார்த்தால் கம்பெனி எண் அழகாக இருந்தது, கையெழுத்தும் சரியாக இருந்தது. "முடிஞ்சுதுங்கக்கா" என்றார். அவர் கம்ப்யூட்டரிலேயே, அவர் சோதித்துப் பார்த்த மில்லின் அதே ஐடி, அதே சீக்ரெட்டை வைத்து, மெட்டாடேட்டாவில் மட்டும் வேறு மில்லின் எண்ணை எழுதி டோக்கன் கேட்கச் சொன்னேன். வந்தது. அடுத்த மில்லின் பெயரில், சுத்தமான கையெழுத்தோடு. முன்பு ரிக்வெஸ்ட்டில் வெறும் எண்ணாகக் கிடந்தபோதாவது எச்சரிக்கையான ஒருவர் சந்தேகப்பட்டிருப்பார். இப்போது அதற்குக் கையெழுத்து கிடைத்துவிட்டதால் பின்னால் இருக்கும் எந்த சர்வரும் கேள்வி கேட்காது. தம்பி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு அந்த வரியை அழித்தார்.

பிறகு அவரே சரியாக எழுதினார். எந்தக் கிளையன்ட் ஐடி எந்த மில்லுக்கு என்று எங்கள் பக்கம் ஒரு பட்டியல் இருக்கிறது. புது மில் சேரும்போது நிர்வாகி மட்டும் அதில் ஒரு வரி சேர்ப்பார். லாம்டா கிளையன்ட் ஐடியை வைத்துப் பட்டியலில் தேடி, கிடைத்ததைக் கிளைமாக எழுதும். லாம்டா 5 விநாடிக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்பது காக்னிட்டோவின் விதி, அதனால் தேடல் சுருக்கமாக இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத ஐடி வந்தால் டோக்கனே கொடுக்கக் கூடாது. கிளைம் இல்லாத டோக்கன் ஒன்று எப்படியோ வந்து சேர்ந்தாலும் சலான் சர்வர் கதவைத் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கம்பெனி எதுவும் குறிப்பிடாவிட்டால் எல்லாக் கம்பெனியையும் காட்டு என்று, அட்மின் பக்கத்துக்காக எப்போதோ எழுதிய நிரல், இந்த இடத்தில் வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

காக்னிட்டோதான் வேண்டும் என்றில்லை. கீக்ளோக் என்று இலவச, திறந்த மூல மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் மாறாத ஒரு கிளைமை நிர்வாகி திரையிலேயே பதிந்துவிடலாம், நிரலே எழுத வேண்டாம். பத்து இருபது மில்லுக்கு அது தாராளம். மைக்ரோசாஃப்ட் என்ட்ராவில் ரோல் என்ற பெயரில் நிர்வாகி அனுமதி கொடுத்தால் அது டோக்கனில் வரும். ஆத்ஜீரோவில் ஆக்‌ஷன் என்று சிறு நிரல் எழுதலாம். கருவி எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி மாறாது: கிளைமில் எழுதப்படும் தகவல் டோக்கன் கேட்பவரிடமிருந்து வருகிறதா, கொடுப்பவரிடமிருந்து வருகிறதா?

எழுதும் உரிமை கிடைத்ததும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒரு ஆசை வரும். எங்களிடமே ஒரு வாடிக்கையாளர், கம்பெனி எண்ணாக ஜிஎஸ்டி எண்ணையே வைத்துக்கொள்ளலாமே, புதிதாக எண் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அப்படியே பான் எண். எங்கள் ஊர் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் ஏராளமானவை தனி உரிமையாளர் பெயரில் ஓடுபவை, அதாவது கம்பெனியின் பான் என்பதும் அந்த மனிதரின் பான் என்பதும் ஒன்றே. டோக்கனை யார் வேண்டுமானாலும் திருப்பிப் படிக்கலாம் என்று மேலே சொன்னேன். நடுவில் உள்ள எத்தனையோ சர்வர்களின் லாக் கோப்புகளில் அது கிடக்கவும் கூடும். பில்லில் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுப்பதுதானே ஜிஎஸ்டி எண், இதில் என்ன ரகசியம் என்று அவர் மடக்கினார். அதுவும் சரிதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய ஆட்சேபணை வேறு. அப்பா தனி உரிமையாளராக நடத்திய யூனிட்டில் மகன்கள் சேர்ந்து பார்ட்னர்ஷிப் ஆனால் பான் மாறும், கூடவே ஜிஎஸ்டி எண்ணும் மாறும். மெஷின் அதே, இடம் அதே, பழைய சலான் எல்லாம் பழைய எண்ணில். கூட்டாகத் தொழில் செய்யும் குடும்பங்கள் உள்ள ஊரில் இது அடிக்கடி நடப்பது. எதற்கும் சம்பந்தமில்லாத, அர்த்தமில்லாத ஒரு எண்ணைக் கம்பெனிக்குக் கொடுத்து அதையே கிளைமில் எழுதுவதுதான் பிற்பாடு தலைவலி இல்லாத வழி.

போன் எண், ஆதார், வங்கிக் கணக்கு, கூலி விலை இவையெல்லாம் டோக்கனுக்குள் வரவே கூடாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்தத் தொகை நம் தெருவுக்கு வராது என்று சிரிப்பவர்கள் இருக்கலாம், ஆனால் சப்ளையர் ஆடிட்டுக்கு வரும், சரக்கு வாங்கும் பையரின் ஆட்கள் சிரிப்பதில்லை.

நிறைய எழுதுவதிலும் சிக்கல் உண்டு. ஒரு எக்ஸ்போர்ட்டர் எந்தெந்த ஜாப் ஒர்க் யூனிட்டோடு பேசலாம் என்ற முழுப் பட்டியலையும் டோக்கனில் அடைக்கப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். டோக்கன் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டின் தலைப்பிலும் (ஹெடர் என்பார்கள்) போக வேண்டும். என்ஜின்எக்ஸ், அப்பாச்சி போன்ற சர்வர்கள் தலைப்பில் ஒரு வரி சுமார் 8 கேபி வரைதான், நாமாக மாற்றாவிட்டால், ஏற்றுக்கொள்ளும். பட்டியல் வளர வளர எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, ஒரு நாள் புது யூனிட் ஒன்றைச் சேர்த்ததும் மொத்தமாக நிற்கும். எந்த யூனிட்டைச் சேர்த்ததால் நின்றது என்று அந்தப் பாவப்பட்ட யூனிட்டின் மேல் பழி போடுவார்கள்.

அப்புறம் காலாவதி. டோக்கனில் எழுதியது எழுதியதுதான்; நேரம் முடியும் வரை அது அதையே சொல்லிக்கொண்டிருக்கும். காலையில் கணக்கு முடித்து உறவை முறித்துக்கொண்ட யூனிட்டின் டோக்கன் மதியம்வரை செல்லும் என்றால், மதியம்வரை சலான் படிக்கலாம். காக்னிட்டோவில் ஆக்சஸ் டோக்கனின் ஆயுளை 5 நிமிடத்திலிருந்து 24 மணி நேரம் வரை வைக்கலாம், நாம் தொடாவிட்டால் ஒரு மணி நேரம். ஆள் இல்லாத டோக்கன்களுக்கு எண்ணிக்கைக் கணக்கில் காசு வாங்குவதால், செலவை மிச்சப்படுத்த 24 மணி நேரத்துக்கு நீட்டிவிடுபவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. சலானுக்கு ஒரு டோக்கன் என்று வாங்கினால்தான் செலவு ஏறும். ஒரு முறை வாங்கியதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு மணி நேரத்துச் சலான் எல்லாவற்றையும் அதிலேயே அனுப்பினால் பில் ஒன்றும் பயமுறுத்தாது. அடிக்கடி மாறும் விஷயத்தைக் கிளைமில் எழுதாமல், அந்தந்த நேரத்தில் டேட்டாபேஸில் பார்த்துக்கொள்வதுதான் இதற்குச் சரியான வழி. இன்ன மில் என்பது வருஷக்கணக்கில் மாறாது, எழுதலாம். இன்றைக்கு இவருக்குக் கடன் வரம்பு எவ்வளவு என்பதை எழுதக் கூடாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அலுவலகத்திலேயே இதில் இரண்டு கட்சி. கிளையன்ட் ஐடி டோக்கனில் எப்படியும் வருகிறது, சலான் சர்வரே அதை வைத்துத் தன் பட்டியலில் தேடிக்கொள்ளலாமே, கஸ்டம் கிளைம் எதற்கு என்பது எதிர்க்கட்சி. ஒரே ஒரு சர்வர் இருக்கும் இடத்தில் அவர்கள் சொல்வதுதான் சரி, நானே அங்கே கிளைம் வேண்டாம் என்பேன். சலானுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, ஸ்டாக்குக்கு ஒன்று என்று சர்வர்கள் பிரிந்து, ஒவ்வொன்றும் அதே பட்டியலின் நகலை வைத்துக்கொண்டு, ஒன்றில் திருத்தி மற்றொன்றில் மறந்துபோகும் நிலை வரும்போதுதான் கிளைமுக்கு வேலை. இரண்டில் எது செய்தாலும் தவறில்லை. எதுவும் செய்யாமல் ரிக்வெஸ்ட்டில் வரும் எண்ணை நம்புவதுதான் தவறு.

காம்பாக்டிங் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு ஆர்எஃப்சியும் தெரியாது, லாம்டாவும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மென்பொருள்காரரைக் கூப்பிட்டு, "எனக்குன்னு தனி ஐடி உண்டா, இல்ல ஊருக்கே ஒண்ணா?" என்று மட்டும் கேளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் மில்லுக்கு ஒரு ஐடி என்று பிரித்துக் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு நம்பிவிடாமல், பெரியவர் அவர்கள் ஆளையே உட்கார வைத்து, செட்டிங்ஸில் கம்பெனி எண்ணை வேண்டுமென்றே மாற்றி ரிப்போர்ட் எடுக்கச் சொன்னார். 403 என்று மறுப்பு வந்தது. மாற்றிய எண்ணைச் சட்டை செய்யாமல் அவருடைய சொந்தக் கணக்கையே காட்டியிருந்தாலும் சரிதான். ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கும் உங்கள் வாசகர்கள் இதே சோதனையைத் தங்கள் அலுவலகத்திலேயே செய்யலாம், ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆகும். எண்ணை மாற்றியும் அடுத்தவரின் லாட் ஒன்றே ஒன்று திரையில் வந்துவிட்டால்கூட, ஆண்டுப் பராமரிப்புத் தொகைக்கான செக்கில் அன்றைக்குக் கையெழுத்திட வேண்டாம்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு வாசகி,
திருப்பூர்.